கேமராவில் ஒட்டிய காகிதம்

“ஸ்கிரீன்ல என் படம் செத்துப்போகுது, டீச்சர். இதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

கேட்டவர் தாட்சாயிணி. அறுபதைத் தாண்டியவர். அவர் டீச்சர் என்று அழைத்த சலீமாவுக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். தாட்சாயிணி அதையெல்லாம் பார்க்கமாட்டார். தெரிந்தவர் டீச்சர், தெரியாதவர் மாணவி. அவ்வளவுதான் அவர் கணக்கு.

சலீமா டீயைக் குடித்துக்கொண்டிருந்தார்.

தாட்சாயிணியை ஓவியர் என்று சொன்னால் அவருக்கே சிரிப்பு வரும். வரைவது அவர் வேலையில் கால்வாசி. மீதியெல்லாம் ஒட்டுவது, கிழிப்பது, தைப்பது, சுரண்டுவது. பழைய புடவைத் துண்டு, துருப்பிடித்த தகரம், பஸ் டிக்கெட், காவிரி மணல் எல்லாம் அவர் பலகையில் ஏறும். உறையூரில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்க அறையில் ஞாயிறுதோறும் இதைச் சொல்லிக்கொடுத்தார். மாணவிகள் அவரைச் சுற்றி நின்று அவர் விரலையே பார்ப்பார்கள். அவர் கிழித்தால் கிழிப்பார்கள். அவர் ஒட்டினால் ஒட்டுவார்கள்.

இடுப்பு எலும்பு உடைந்தபிறகு மாடிப்படி இறங்க முடியவில்லை. வகுப்பு நின்றுபோனது. அந்தக் கவலையிலேயே மனுஷி பாதியாகிவிட்டார்.

பிறகு ஒருநாள் மகன் விட்டுவிட்டுப்போன லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்தார். இதில் நடத்தியே தீருவேன் என்று உட்கார்ந்துவிட்டார். பாட்டு டீச்சர்களுக்கும் ஹிந்தி டியூஷன்காரர்களுக்கும் ஆன்லைன் வகுப்பு நடத்தக் கற்றுத்தருகிற சலீமாவை வீட்டுக்கு வரவழைத்தார்.

சலீமா நல்ல டீச்சர். வாயைத் திறப்பதுதான் அபூர்வம்.

போன ஞாயிறு முதல் வகுப்பு நடந்தது. நடந்தது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். விரலைக் கேமராவுக்குக் கிட்டே கொண்டுபோனால் மங்கியது. தள்ளிப் பிடித்தால் எறும்பாகத் தெரிந்தது. மணலும் தகரமுமாக மேடுபள்ளமாய் இருந்த பலகை, திரையில் தட்டையாகக் கிடந்தது. ஒன்றும் புரியவில்லை என்று சில பேர் பாதியிலேயே போய்விட்டார்கள்.

அதோடு விட்டதா? வகுப்பு முடிந்துவிட்டது என்று நினைத்து, தாட்சாயிணி அங்கேயே உட்கார்ந்து மோர்சாதம் சாப்பிட்டார். ஊறுகாயைத் தொட்டு விரலை நக்கி நக்கிச் சாப்பிட்டார். கேமரா அணையவே இல்லை. இப்போது சார்ஜாவில் இருக்கும் ஜெசிந்தா என்ற பழைய மாணவி கடைசி வாய்வரை பொறுமையாக இருந்துவிட்டு, “வரட்டுமா டீச்சர்” என்றாளாம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டுத்தான் சலீமா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

நல்ல கேமரா ஒன்று வாங்கட்டுமா என்று தாட்சாயிணி கேட்டார். வேண்டாம் என்றார் சலீமா. விளக்கு? அதுவும் வேண்டாமாம்.

“பின்னே என்னதான் பண்ணச் சொல்றீங்க?”

சலீமா டம்ளரைக் கீழே வைத்தார்.

“உங்க விரல் எதுக்கும்மா அவங்களுக்குத் தெரியணும்?”

“இது என்ன கேள்வி? என் விரலைப் பார்க்காம அவங்க எப்படிச் செய்வாங்க?”

சலீமா எழுந்து ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தாட்சாயிணிக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒரு வார்த்தை பதில் சொன்னால் என்ன குறைந்துவிடும் இவளுக்கு என்று கதவைப் பார்த்துத் திட்டித் தீர்த்தார். திட்டி முடித்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். மைக்கைத் திறப்பது, மூடுவது, மறுபடி திறப்பது என்று அந்த வாரம் பூராவும் விடாமல் பழகினார்.

அடுத்த ஞாயிறு சலீமா வகுப்புக்குக் கொஞ்சம் முன்னால் வந்தார். லேப்டாப்பைப் பார்த்தார். திரைக்கு மேலே, கேமரா இருக்க வேண்டிய இடத்தில், கெட்டியான காகிதத் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது.

“இது என்னம்மா?”

மோர்சாதத்துக்குப் பிறகு கேமரா பட்டனை நம்ப மனசு வரவில்லை, அதனால் ஒட்டிவிட்டேன், இப்போது பிரித்துவிடலாம் என்று தாட்சாயிணி சொன்னார். நகத்தால் கிளப்பினார். வரவில்லை. கத்தியை எடுத்து நெம்பினார். மேல்தோல் மட்டும் உரிந்தது. அடிக் காகிதம் அசையவில்லை.

“என்ன பசை போட்டீங்க?”

“தகரம் ஒட்டுற பசை.”

“கேமராவுக்கா?”

“அரைகுறையா ஒட்டுற பழக்கம் எங்கிட்ட இல்லை, டீச்சர்.”

சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. சொல்லி முடித்ததும் முகம் வாடிவிட்டது. நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

திரையில் மாணவிகளின் பெயர்கள் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தன. தாட்சாயிணியிடம் இருந்தது பட்டன் போன். சலீமாவிடம் கேமரா வைத்த பெரிய போன் இருந்தது.

“உங்க போனைக் கொடுங்க.”

சலீமா போனைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்.

தாட்சாயிணிக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“இன்னிக்கும் இது பாழாப்போச்சுன்னா நான் நிறுத்திருவேன். இனிமே யாருக்கும் எதுவும் சொல்லிக்கொடுக்கமாட்டேன். விளையாட்டுக்குச் சொல்லலை.”

“மைக் வேலை செய்யுது,” என்றார் சலீமா.

அவரைப் பிடித்து நாலு சாத்து சாத்தலாமா என்று தாட்சாயிணிக்குத் தோன்றியது. செய்யவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்து மைக் பட்டனை அழுத்தினார்.

கேமராவைத் தன் பசையே கெடுத்துவிட்டது என்று மாணவிகளிடம் உள்ளதைச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். பிறகு காத்திருந்தார்கள்.

பழக்கதோஷத்தில் புடவைத் துண்டைத் தூக்கி, மூடிக்கிடந்த கேமராவுக்கு முன்னால் பிடித்தார். பிடித்த கையைக் கீழே இறக்கினார். என்ன செய்வதென்று தெரியவில்லை. சலீமா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

கடைசியில் தாட்சாயிணி தன் வகுப்பில் ஒருநாளும் கேட்டிராத ஒன்றைக் கேட்டார்.

“உங்களுக்குக் கை எட்டுற தூரத்துல என்ன இருக்கு?”

ஓசூருக்குக் குடிபோயிருந்த பூரணியிடம் கோணிப்பை இருந்தது. ஒருத்தியிடம் வெங்காயத் தோல். இன்னொருத்தி ரொம்ப யோசித்து, குழந்தையின் கிழிந்த சட்டை என்றாள். ஜெசிந்தா மட்டும் பேசவில்லை.

“ஜெசிந்தா?”

“காலி மாத்திரை அட்டை இருக்கு டீச்சர். அம்மா இங்க வந்திருந்தப்ப சாப்பிட்டது. அவங்க போனபிறகும் தூக்கிப்போட மனசு வரலை.”

தாட்சாயிணி நாற்காலியை லேப்டாப்புக்குக் கிட்டே இழுத்துக்கொண்டார். தடவிப் பார் என்றார். ஒரு பக்கம் வழவழப்பாகவும் கிழிந்த பக்கம் கையைக் கீறுவதாகவும் ஜெசிந்தா சொன்னாள்.

“இதை எங்க ஒட்டட்டும் டீச்சர்?”

இடது கீழ்மூலை. இத்தனை வருஷமும் தாட்சாயிணி சொல்லிவந்த பதில் அதுதான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் திரையில் ஜெசிந்தாவின் முகம்தான் தெரிந்தது. பலகை தெரியவில்லை.

“எனக்குத் தெரியலையேம்மா. நீதானே பார்த்துக்கிட்டிருக்கே.”

ஜெசிந்தாவின் முகம் கீழே குனிந்தது. பிறகு கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. ஓசூரில் கோணி கிழிந்தது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். தாட்சாயிணி கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார், அவர்கள் செய்துகொண்டே இருந்தார்கள். நேரம் முடிந்தும் ஒருத்தியும் எழுந்துபோகவில்லை.

கடைசியில் எல்லாரும் பலகையைத் தூக்கிக் காட்டினார்கள்.

ஜெசிந்தா மாத்திரை அட்டையை நட்டநடுவில் ஒட்டியிருந்தாள். சுற்றிலும் வேறெதுவும் வைக்கவில்லை. பூரணி கோணியின் நூலை உருவி உருவிப் பலகைக்கு வெளியே தொங்கவிட்டிருந்தாள். வெங்காயத் தோல்காரியின் படம் பார்க்கச் சகிக்கவில்லை. ஆனாலும் அவள் அதைக் கீழே வைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

எல்லாரும் விடைபெற்றுப் போனபிறகும் தாட்சாயிணி வெறும் திரையைப் பார்த்தபடி இருந்தார்.

“முன்னெல்லாம் கண்காட்சில வச்சா, இது தாட்சாயிணி டீச்சரோட மாணவி செஞ்சதுன்னு யாரும் பார்த்ததும் சொல்லிருவாங்க. இன்னிக்கு இதுல ஒண்ணுகூட என்னுது மாதிரி இல்லை,” என்றார். “இத்தனை வருஷம் எங்கிட்ட படிச்சவங்களா இவங்க?”

சலீமா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டார்.

“இல்லம்மா,” என்றார். “இன்னிக்குத்தான் சேர்ந்திருக்காங்க.”