தொட்டி காலி எனக் கொள்க

முன்பொரு சமயம், ஒரு பல்கலைக்கழகத்தின் பயன்பாட்டுக் கணிதத் துறையில், கரும்பலகை ஒன்றில் மாறிலி என்றொருத்தி குடியிருந்தாள். குடியிருந்தாள் என்று சொல்வதே கொஞ்சம் கூடுதல். எந்தக் கணக்காக இருந்தாலும் கடைசி வரியின் கடைசியில், வாசலுக்கு வெளியே நிறுத்திவைத்த ஆளைப் போல, ஒரு கூட்டல் குறியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மாணவர்கள் அவளை 'ப்ளஸ் சி' என்பார்கள். எழுத மறந்தால் அரை மதிப்பெண் போகும். அந்த அரை மதிப்பெண்ணுக்குப் பயந்து எழுதினார்களே தவிர, இவள் யார், எதற்காக இங்கே நிற்கிறாள் என்று யாரும் கேட்டதில்லை.

அதே பலகையில் தொகையிடலும் வகையிடலும் இருந்தார்கள். அக்காவும் தம்பியும். அக்கா தொகையிடல் நெடுநெடுவென்று உயரமாய், தலையும் காலும் கொஞ்சம் வளைந்து நிற்பாள். துளித்துளியாய் வருவதையெல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று சொல்வது அவள் வேலை. தம்பி வகையிடல் நேரெதிர். மொத்தத்தைக் கையில் கொடுத்தால், அது எவ்வளவு வேகமாகக் கூடுகிறது, எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று சொல்வான். மாறுவது மட்டும்தான் அவன் கண்ணுக்குத் தெரியும். மாறாமல் நிற்பவள் தெரியவே மாட்டாள்.

"இங்கே யாராவது இருக்கீங்களா?" என்பான், மாறிலியின் முகத்துக்கு நேராக நின்றுகொண்டு.

"நான்தான்டா இருக்கேன்."

"குரல் கேக்குது. ஆளைக் காணோம்."

"வாயை மூடுடா," என்று தொகையிடல் அதட்டுவாள். "நீ தொலைச்சுட்டு வர்றவளை ஒவ்வொரு தடவையும் நான்தானே தேடிக் கூட்டிட்டு வர்றேன்!"

ஒருநாள் துறையில் வேலைவாய்ப்பு முகாம் நடந்தது. மாணவர்கள் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒரு வரிசையில் நிற்க, பலகையிலிருந்து இறங்கியவர்கள் இன்னொரு வரிசையில் நின்றார்கள். நிகழ்தகவைக் காப்பீட்டு நிறுவனம் கையோடு கூட்டிப் போனது. உடம்புக்குள் படமெடுக்கும் ஸ்கேன் இயந்திரம் செய்பவர்கள், எண்களை வரிசை வரிசையாக அடுக்கிவைக்கும் அணியை எடுத்துக்கொண்டார்கள். பேருந்துகளுக்கு நேரமும் தடமும் வகுக்கும் வேலை வரைபடத்துக்குக் கிடைத்தது. சராசரியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், அவளுக்கு எந்த ஊரிலும் வேலை உண்டு.

மாறிலியை நேர்காணல் செய்தது ஒரு கால்குலேட்டர்.

"நீ எத்தனை?"

"இன்னும் தெரியாது சார்."

"ரெண்டா, இருநூறா? தோராயமாவாவது சொல்லும்மா."

"எந்த இடத்துக்குப் போறேன், அங்கே ஏற்கெனவே என்ன இருக்குன்னு பார்த்தாத்தான் சார் சொல்ல முடியும்."

"இவ்வளவு படிச்சுட்டு வந்து இதைத்தான் சொல்றியா?" கால்குலேட்டர் தன் திரையில் 'பிழை' என்று காட்டிவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டது.

இது என்ன நியாயம்? போகிற இடத்தைச் சொல்லாமலே, வந்து நிற்பவளிடம் நீ எத்தனை என்று கேட்டால் அவள் எதைச் சொல்வாள்? வாய்க்கு வந்த ஓர் எண்ணைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே வேலை கிடைத்திருக்கும். உண்மையைச் சொன்னாள், கிடைக்கவில்லை.

மாறிலி பலகைக்குத் திரும்பி, தன் பழைய இடத்தில் ஏறி நின்றாள். தொகையிடல் தன் வளைந்த தலையை இன்னும் கொஞ்சம் வளைத்து, அவளுக்குக் குடை மாதிரி பிடித்தாள்.

"அழாதடி. சாக்பீஸ் கரைஞ்சிடும்," என்றாள்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது.

அந்த ஊரில் ஒரு பெரிய ஏரி. கரைக்குக் கீழே, தாழ்வான இடத்தில், மேட்டுத் தெரு என்று பெயர் வைத்த ஒரு தெரு. ஏரி நிரம்பி வழிந்தால் முதலில் தண்ணீர் போவது அங்கேதான். வழிவதற்குள் ஆட்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். கைக்குழந்தையோடு இருப்பவர்களையும் படுத்த படுக்கையாய் இருப்பவர்களையும் வீணாக அலைக்கழிக்கவும் கூடாது. ஆகவே ஏரி எப்போது நிரம்பும் என்று கணக்குப் போட்டு மதியத்துக்குள் சொல்லும்படி, ஏரியைப் பார்த்துக்கொள்ளும் அலுவலகம் துறையிடம் கேட்டிருந்தது.

பேராசிரியை அதை சுகிர்தாவிடமும் இம்தியாஸிடமும் கொடுத்தார். இருவரும் முதுகலை இரண்டாம் ஆண்டு. ஒரே பெஞ்சு, ஓயாத சண்டை.

சுகிர்தா அன்றைக்கு உள்ளே நுழையும்போதே கொதித்துக்கொண்டிருந்தாள்.

"பஸ் ஏறினதுலேர்ந்து சித்தப்பா போன்லேயே இருந்தாருடா. கணக்கு படிச்சா என்ன ஆவே, டியூஷன் எடுப்பே, அவ்வளவுதானேங்கிறாரு."

"நீ என்ன சொன்னே?"

"டியூஷன் எடுத்தா என்ன, திருட்டுத் தொழிலான்னு கேட்டேன்."

"சரியாப் போச்சு. அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஸ்டாப் வந்துடுச்சு. இல்லேன்னா இன்னும் நல்லாக் கேட்டிருப்பேன்."

மழையின் அளவு தெரியும். ஓடைகளில் தண்ணீர் என்ன வேகத்தில் வருகிறது என்பதும் தெரியும். சுகிர்தா அந்த வேகத்தைப் பலகையில் எழுதித் தொகையிடலின் கையில் கொடுத்தாள். தொகையிடல் மூச்சைப் பிடித்துக்கொண்டு சேர்த்தாள். ஓடைத் தண்ணீர், வயல் வடிநீர், ஏரிமேலேயே விழுந்த மழை, எல்லாவற்றையும். கடைசியில், வழக்கம்போல, மாறிலியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்து நிறுத்தினாள்.

"சி என்ன?" என்று கேட்டாள் சுகிர்தா.

"பூஜ்யம்னு போடு," என்றான் இம்தியாஸ். "புக்ல எந்தக் கணக்கை எடுத்தாலும் முதல் வரி என்ன? தொட்டி காலி எனக் கொள்க. போட்டு முடி, மணியாகுது."

சுகிர்தா டஸ்டரை எடுத்தாள். ஒரே இழுப்பு. மாறிலி நின்ற இடத்தில் பூஜ்யம் வந்து உட்கார்ந்தது.

"தப்பா நினைக்காதக்கா," என்றது பூஜ்யம். நல்ல மனசு அதற்கு. "இங்க உக்காருன்னாங்க, உக்காந்துட்டேன்."

"நீ எழுந்திரு," என்று டஸ்டரின் பஞ்சைப் பிடித்துத் தொங்கியபடி கத்தினாள் மாறிலி. "வேலைக்காகக் கேக்கலை. அங்கே மேட்டுத் தெருவுல வீட்டுக்குள்ள ஆள் இருக்கு!"

"எழுந்திருக்க எனக்குக் காலில்லையேக்கா."

விடை வந்தது. நாளை மாலைதான் ஏரி நிரம்பும். இன்றைக்கு யாரும் எங்கும் போக வேண்டியதில்லை.

"சரிபார்த்துடலாம்," என்றான் இம்தியாஸ். விடையை வகையிடலிடம் கொடுத்தார்கள். அதுதான் முறை: சேர்த்தது சரியா என்று பிரித்துப் பார்ப்பது. வகையிடல் விடையை மேலும் கீழும் பார்த்தான். தண்ணீர் வரும் வேகம் அட்சரம் பிசகாமல் திரும்பக் கிடைத்தது.

"சுத்தமா சரி," என்றான்.

"டேய், நான் இல்லாததைப் பார்க்கலையாடா நீ?" என்றாள் மாறிலி.

"நீ இருந்தப்பவே நான் பார்த்ததில்லையே."

அவன் கேலியாகச் சொல்லவில்லை. இருப்பதைத்தான் சொன்னான். அதனால்தான் மாறிலிக்குப் பயம் வந்தது. அவள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இந்தச் சரிபார்ப்பில் 'சரி' என்றுதான் வரும்.

இம்தியாஸ் அலுவலக எண்ணை அழுத்தப் போனான்.

"இருடா," என்றாள் சுகிர்தா. எதற்கும் எதிர்க்கேள்வி கேட்டே பழகிய வாய் அவளுடையது, தன் விடையையும் அது விடவில்லை. "நாளைக்கு என்ன ஆகும்னு சொல்லுது. சரி. இன்னைக்குக் காலையில என்ன இருந்ததுன்னு கேப்போம். அதுகூடத் தெரியாத விடை நாளையைப் பத்திப் பேசலாமா?"

காலைதான் கணக்கின் தொடக்கம், ஆகவே விடையில் நேரம் வரும் இடத்தில் பூஜ்யம் போட்டாள். ஏரியில் தண்ணீர்: பூஜ்யம். கணக்கின்படி அன்று காலை ஏரி கட்டாந்தரை.

சுகிர்தாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. காலையில் சித்தப்பாவோடு மல்லுக்கு நின்றபடி ஏரிக்கரை வழியாகத்தானே வந்தாள். கட்டாந்தரையில் ஒருவன் பரிசலில் உட்கார்ந்து வலை இழுத்துக்கொண்டிருந்தான். பரிசல் பஸ் ஜன்னலுக்கு வெகு கிட்டத்தில் தெரிந்தது. கரைமேல் போகிற பஸ்ஸுக்கு ஒரு பரிசல் அத்தனை கிட்டத்தில் தெரிய வேண்டுமென்றால் —

சிரிப்பு நின்றது.

"இம்தியாஸ், ஏரி காலியா இல்லடா. போன மழைத் தண்ணி அப்படியே கிடக்கு."

"எவ்வளவு?"

"தெரியாது. போய்ப் பார்த்தாத்தான் தெரியும். நீ பலகை கிட்டேயே இரு."

குடையைக்கூட எடுக்காமல் ஓடினாள். வாசலில் கிடைத்த ஆட்டோவில் ஏறி, மதகடியில் இறங்கி, கரையிலிருந்து குனிந்து, மதகுச் சுவரில் வெட்டியிருந்த அளவுக் கோடுகளைப் பார்த்தாள். முக்கால்வாசி தண்ணீருக்குள் இருந்தன. அந்த உயரத்துக்கு ஏரியில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்ற அட்டவணை இம்தியாஸிடம் இருந்தது. போனில் கத்திச் சொன்னாள். அவன் பூஜ்யத்தைத் துடைத்தான்.

"அப்பாடா," என்றது பூஜ்யம். "எனக்கு நீச்சலும் தெரியாதுக்கா."

இம்தியாஸ் எண்ணை எழுதினான். மாறிலி குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டாள். ஒரு பெரிய எண்ணாக இருந்தாள். கிடந்த தண்ணீர் அத்தனையும், போன மாதத்து மழை அத்தனையும் அவளாக இருந்தது. பாரம் அழுத்தியது. ஆனால் நகரவில்லை. நகராமல் நிற்பதுதானே அவளுக்குத் தெரிந்த ஒரே வேலை.

புது விடை: நாளை மாலை இல்லை. இன்று மாலை.

இம்தியாஸ் அலுவலகத்தை அழைத்து விடையைச் சொன்னான். கொஞ்சமாவது வடியட்டும் என்று மதகுகள் அப்போதே தூக்கப்பட்டன. சுகிர்தா மேட்டுத் தெருவுக்குள் இறங்கிக் கதவு கதவாகத் தட்டினாள்.

"யாரும்மா நீ, கார்ப்பரேஷனா?" என்றாள் ஒரு பெண், அடுப்பை அணைக்காமல்.

"இல்லக்கா. கணக்கு படிக்கிறேன்."

"கணக்கா? கணக்குக்கும் ஏரிக்கும் என்னம்மா?"

"பள்ளிக்கூடத்துல உக்காந்து நாம சண்டை போட்டுக்கலாம்க்கா. முதல்ல குழந்தையைத் தூக்குங்க."

பலகையில் வகையிடல் மெதுவாக நகர்ந்து வரியின் கடைசிக்கு வந்தான். கை நீட்டித் துழாவினான்.

"இருக்கியா?" என்றான்.

"இருக்கேன்டா," என்றாள் மாறிலி.

பொழுது சாய்கையில் ஏரி வழிந்தது. தண்ணீர் தெருவுக்குள் வந்தது, படியேறியது, வீடு வீடாகக் கதவைத் தட்டியது. உள்ளே யாரும் இல்லை.