கயிற்றின் மறுமுனை

“அம்மா, எனக்கு ஞானம் வேண்டாம். ஒரு வீட்டுக்குள்ளே போய் உட்கார முடிஞ்சாப் போதும்.”

குகை வாசலுக்குப் பத்தடி தள்ளி, வெயிலில் நின்றபடியே மாரப்பன் இதைச் சொன்னார். வயது ஐம்பத்தெட்டு. நாற்பது வருடம் கிணறு வெட்டியவர். கடப்பாறை இல்லாதபோதும் அவர் விரல்கள் அதைப் பிடித்தது போலவே பாதி மூடியிருந்தன.

குகைக்குள் மொச்சை உரித்துக்கொண்டிருந்த பெண்ணுக்கு அவர் மகளைவிட நாலைந்து வயது கூட இருக்கலாம். அடிவாரத்து ஊர்களில் குகையம்மா என்றால் எல்லாருக்கும் தெரியும்.

“எந்த வீட்டுக்குள்ளே அண்ணா?”

“எந்த வீடானாலும். தலைக்கு மேலே கூரைன்னு ஒண்ணு வந்தா நெஞ்சை அடைக்குது.”

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு கிணற்றில் மண் சரிந்து அவரை அமுக்கிவிட்டது. காலையில் இறங்கியவரைச் சாயங்காலம் எடுத்தார்கள். ஓர் எலும்புகூட முறியவில்லை. கொடுத்துவைத்தவன் என்று ஊரே சொன்னது. அன்றிலிருந்து அவருக்கு வேப்பமரத்தடியில்தான் படுக்கை.

“மழை பேஞ்சா?”

“நனைவேன்.”

குகையம்மா ஒரு மொச்சையை உரித்து முடித்தார்.

“என் மக மாதம்மா துணிக் கம்பெனியிலே வேலை பாக்குறா. பிரசவ லீவு தை மாசத்தோட முடியுது. கொழந்தையைப் பாத்துக்க என்னை விட்டா ஆளில்லை. பனியிலே பச்சைக் கொழந்தையை மரத்தடியிலே போட்டு வச்சிருக்க முடியுமா? நான் உள்ளே போகலைன்னா அவ வேலை போயிடும்.”

“தைக்கு இன்னும் மூணு மாசம் இருக்கு. இருங்க” என்றார் குகையம்மா.

மாரப்பன் எதிரே இருந்த புங்கமரத்தடியில் துண்டை விரித்தார்.

குகைக்குள் ஓர் உள்ளறை உண்டு. அதற்கு மரக்கதவும் உண்டு. அங்கே சீடராக வருகிறவர் ஒரு பகல் முழுக்க அதற்குள் தனியே உட்கார வேண்டும் என்பது வழக்கம். மூத்த சீடர் தீர்த்தகிரி முன்பு லாரி ஓட்டியவர். காத்திருப்பது அவருக்கு ஆகாது.

மூன்றாம் நாள், குகையம்மா கீழே தண்ணீருக்குப் போயிருந்த நேரம். “யோவ் மாரப்பா, இந்தக் கம்பு மூட்டையை ஒரு கை பிடி” என்று தீர்த்தகிரி கூப்பிட்டார். மாரப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, மூட்டையோடு உள்ளறை வாசல் வரை வந்துவிட்டார். தீர்த்தகிரி அவரை உள்ளே தள்ளித் தாழ்ப்பாள் போட்டார்.

“தள்ளிவிட்டாத்தான்யா நீச்சல் வரும்! என் மாமன் எனக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்தான்!”

உள்ளே கூச்சல் கேட்கும் என்று எதிர்பார்த்தார். கேட்கவில்லை. கதவைத் திறந்தார்.

இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு மாரப்பன் மூலையில் உட்கார்ந்திருந்தார். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. வேட்டி நனைந்திருந்தது.

அதன்பின் அவர் துண்டை எடுத்துக்கொண்டு இன்னும் தள்ளிப் போனார். ஐந்து நாள் யாரோடும் பேசவில்லை.

“நல்லதுன்னு நினைச்சுத்தானே செஞ்சேன்” என்றார் தீர்த்தகிரி.

“கதவைக் கழட்டு” என்றார் குகையம்மா.

கழற்றினார்.

“அப்புறம்?”

“அடுப்புக்கு விறகில்லை.”

அன்று மொச்சைக் குழம்பு அந்தக் கதவில்தான் கொதித்தது.

குகையம்மா இரண்டு தட்டுகளோடு மாரப்பனிடம் போனார். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார். வெகுநேரம் கழித்துக் கேட்டார்.

“கிணத்துக்குள்ளே எப்படி இறங்குவீங்க?”

மாரப்பன் நிமிர்ந்தார். பயம் எப்படி இருக்கிறது என்று எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். வேலையைப் பற்றி யாரும் கேட்டதில்லை.

“இடுப்பிலே கயிறு கட்டிக்குவோம். மறுமுனை மேலே நிக்கிற மேலாள் கையிலே. ஆழம் போயிட்டா குரல் கேட்காது. கீழே இருந்து ரெண்டு இழுப்பு இழுத்தா ‘இருக்கியா’ன்னு அர்த்தம். மேலே இருந்து ரெண்டு இழுப்பு வந்தா ‘இருக்கேன்.’ மேலாள் இடத்தை விட்டு அசையக் கூடாது. ஒண்ணுக்குப் போறதுன்னாலும் சொல்லிட்டுத்தான் போகணும்.”

“அன்னைக்கு?”

மாரப்பன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“கழுத்து வரைக்கும் மண்ணு. ஒரு கை மட்டும் வெளியே. ரெண்டு தடவை இழுத்தேன்.”

“ம்.”

“கயிறு முழுக்க என் மேலேயே வந்து விழுந்துது.”

பக்கத்து மரத்தில் ஒரு குருவி கிளை மாறி உட்கார்ந்தது.

“மேலாள் கயித்தை விட்டுட்டு ஆள் கூட்டத்தான் ஓடினான். அதனாலேதான் நான் பொழைச்சேன். அது எனக்குத் தெரியும். இந்தக் கைக்குத்தான் தெரியலை.”

இதை அவர் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. இருவர் தட்டையும் குகையம்மாவே கழுவினார்.

மறுநாள் காலை கிணற்றுக் கயிறு ஒன்று வந்தது. ஒரு முனையை மாரப்பன் தானே இடுப்பில் கட்டிக்கொண்டார். மறுமுனை தீர்த்தகிரியின் கைக்குப் போனது.

“நான் என்ன செய்யணும்?”

“உட்காரணும்.”

“அப்புறம்?”

“அவர் இழுத்தா இழுக்கணும்.”

“இதுக்கா அம்மா பதினோரு வருசம் இந்த மலையிலே கிடந்தேன்?”

“இதுக்குத்தான்.”

முதல் நாள் மாரப்பன் குகை வாசல் வரை போனார். இரண்டு இழுப்பு. இரண்டு இழுப்பு திரும்பி வந்தது. மறுநாள் அவ்வளவு தூரமும் போகவில்லை. அதற்கு மறுநாளும் போகவில்லை. இன்னும் ஓர் அடி வை என்று யாரும் சொல்லவில்லை.

பன்னிரண்டாம் நாள் குகைக்குள் ஒரு காலை வைத்தார். கார்த்திகை மழை வந்தபோது மறு காலையும் வைத்தார். கயிறு ஓயாமல் அசைந்தது. தீர்த்தகிரியின் உள்ளங்கை கொப்புளித்தது. அவர் முனகவில்லை. துணியைச் சுற்றிக்கொண்டார்.

மார்கழியில் ஒரு நாள் மாரப்பன் உள்ளறையில் இருந்தார். வெளியிலிருந்து தீர்த்தகிரியின் குரல் வந்தது.

“யோவ்… மாரப்பா.”

“என்ன?”

“அவசரமா ஒண்ணுக்கு வருதுய்யா. காலையிலேருந்து அடக்கிட்டிருக்கேன்.”

உள்ளேயிருந்து ஒரு சிரிப்பு. அந்தக் குகையில் அப்படியொரு சிரிப்பு அதற்கு முன் கேட்டதில்லை.

“போயிட்டு வாய்யா. குகையை நனைச்சுடாதே.”

தீர்த்தகிரி ஓட்டமாய்ப் போய் ஓட்டமாய் வந்தார். இரண்டு முறை இழுத்தார். பதில் இல்லை. மறுபடி இழுத்தார். இல்லை. உள்ளே பாய்ந்தார்.

மாரப்பன் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

விடைபெறும் நாளில் அவர் சொன்னார்: “அம்மா, முழுசாப் போகலை. ஈர மண் வாசம் வந்தா இன்னும் நடுங்குது.”

குகையம்மா கயிற்றைச் சுருட்டி அவர் பைக்குள் வைத்தார்.

“அங்கே மறுமுனையை யார் பிடிப்பா?” என்று கேட்டார் மாரப்பன்.

“கயிறு கையை விட்டுப் போன கதை மாதம்மாவுக்குத் தெரியுமா?”

மாரப்பன் பையைத் தோளில் மாட்டினார். மலை இறங்கும் வழியெல்லாம் அதே கேள்வி.

அன்று பிற்பகலே வேப்பமரத்தடியில் மகளை உட்காரவைத்துச் சொன்னார். மாதம்மா அழுதாள். மூக்கைச் சிந்தினாள். பிறகு கோபப்பட்டாள்.

“ரெண்டு வருசமா மழையிலே நனைஞ்சியே, இதை முன்னாடியே சொல்றதுக்கென்னப்பா? எடு அந்தக் கயித்தை. லீவு முடிய இன்னும் பதினஞ்சு நாள் இருக்கு.”

அவள் வாசற்படியில் உட்கார்ந்து மறுமுனையை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். அவர் ஒவ்வோர் அடியாக உள்ளே போனார். இரண்டு இழுப்பு. இரண்டு இழுப்பு. உள்ளறையில் குழந்தை விழித்துக் கிடந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு இழுப்பு. இரண்டு இழுப்பு.

பிறகு வெகுநேரம் கயிறு சும்மா கிடந்தது.

திடீரென்று அது அசைந்தது. ஒரு சின்ன இழுப்பு. அப்புறம் பாதி இழுப்பு. அப்புறம் கணக்கில்லாமல் ஏதோ.

மாதம்மா பதறினாள். “அப்பா! என்னாச்சு?”

“நான் இழுக்கலைம்மா” என்றது உள்ளேயிருந்து குரல்.

மாதம்மா கயிற்றை இரண்டு முறை மெல்லத் திருப்பி இழுத்தாள்.