கீற்றின் வழியே வந்த தாலாட்டு

சரக்… சரக்… சரக்…

மண்சுவரை நகம் சுரண்டும் அந்தச் சத்தத்தை இருவாச்சிப் பறவை நாச்சி குஞ்சாக இருந்தபோது கேட்டாள். வெளியே ஒரு மரநாய். உள்ளே அவளும் அவள் அம்மாவும். வெகுநேரம் கழித்துச் சத்தம் ஓய்ந்தது. சுவர் அப்படியே நின்றது.

அன்றிலிருந்து சுவர் என்றால் நாச்சிக்குத் தனிப் பெருமை.

முட்டையிடும் காலம் வந்தால் பெண் இருவாச்சி மரப்பொந்துக்குள் போய், மண்ணும் பழச்சக்கையும் குழைத்து வாசலை அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீற்று மட்டும் விடும். ஆண் பறவை அந்தக் கீற்று வழியாகப் பழம் ஊட்டும். உள்ளே இருக்கும் மாதங்களில் பெண்ணின் இறகுகள் உதிர்ந்துவிடும். சுவர் உடைந்தால் அவள் பறந்துகூடத் தப்ப முடியாது.

நாச்சியின் பொந்தில் ஒரு கணினியும் இருந்தது. அதில் ஒன்பது ஆண்டுப் பழப்பதிவு. எந்த அத்தி எந்த வாரம் பழுக்கும், எந்த நாவல் எந்த ஓடைக்கரையில் நிற்கிறது, எல்லாம் அதில் உண்டு. ஒவ்வோர் ஆண்டும் சில மரங்களுக்கு எதிரே ‘இப்போது இல்லை’ என்று எழுத நேர்ந்தது. காடு மெலிய மெலியப் பதிவின் மதிப்பு ஏறியது. காலையில் பறவைகள் வந்து, “நாச்சியக்கா, இன்னிக்கு எந்த மரம்?” என்று கேட்கும். அவள் சொல்லும் மரத்தில் பழம் இல்லாமல் போனதே இல்லை.

அந்த ஆண்டும் அவள் வாசலை அடைக்கத் தொடங்கினாள். பக்கத்துக் கிளையில் வசித்த மலையணில் செவலி எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, திரையில என்னமோ கேக்குதே!”

“வைரஸ் தடுப்பைப் புதுப்பிக்கணுமாம். ‘பிறகு’ன்னு அழுத்திடுவேன்.”

“எத்தனை நாளா அழுத்தறீங்க?”

“மழை விட்டதிலேர்ந்து! சுவரைப் பாருடி. எறும்பு நுழையுமா இதுல?”

“எறும்பு நுழையாது. அந்தப் பதிவுல எனக்கு ஒரு நகல் போட்டுக் குடுங்க. ஒரே வீட்டை நம்பி நான் இருந்ததே இல்ல. எனக்கு ஆறு கூடு!”

“ஆறு கூடு கட்டுறவளுக்கு ஒரு கூடும் உருப்படியா கட்ட வராது!” என்று நாச்சி சிரித்தாள். ஆனாலும் ஒரு பென் டிரைவில் நகல் எடுத்துக் கொடுத்தாள்.

சுவர் காய்ந்தது. ஆறு வாரத்தில் முட்டை பொரிந்தது.

மரநாய் சடையன் ஒரு மாலை ஏறி வந்து சுரண்டிப் பார்த்தான். நகம் வலித்ததுதான் மிச்சம். இறங்கிப் போய் அத்தி மரத்தடியில் காத்திருந்தான். அங்கே நாச்சியின் கணவன் பொன்னலகன் பழம் பறிக்க வந்தான்.

“அண்ணே! குஞ்சு பொரிச்சாச்சாமே! இந்தாங்க, இந்தப் பென் டிரைவுல நூறு தாலாட்டு இருக்கு. அண்ணி பாவம், தனியா அடைஞ்சு கிடக்கிறாங்க.”

பொன்னலகன் நெகிழ்ந்துபோனான். பழங்களோடு அதையும் கீற்றின் வழியே நீட்டினான்.

கணவன் நீட்டுவதை நாச்சி ஒருநாளும் பார்த்து வாங்கியதில்லை. பார்க்காமலே வாங்கி விழுங்குவதுதான் இருவாச்சிகளின் பழக்கம். இதையும் அப்படியே வாங்கிக் கணினியில் செருகினாள். தாலாட்டு ஒன்றும் கேட்கவில்லை. திரை கறுத்தது. எழுத்துகள் தோன்றின.

‘பழப்பதிவைப் பூட்டிவிட்டேன். சாவி என்னிடம். நாளை மாலைக்குள் சுவரை உடை, தருகிறேன். சடையன்.’

மறுநாள் அந்த அத்தியில் பழம் தீர்ந்திருந்தது. பொன்னலகன் அடுத்து எந்த மரம் என்று தெரியாமல் மலை முழுக்கச் சுற்றினான். ஒரே ஒரு பழத்தோடு திரும்பினான். குஞ்சு அதை விழுங்கிவிட்டு மறுபடி வாயைப் பிளந்தது.

“நான்தான் கொண்டு வந்தேன், நாச்சி.”

“நான்தான் வாங்கினேன். நீங்க அழாதீங்க.”

மாலையில் கீழே குரல் கேட்டது. “என்ன அண்ணி! சுவரா, சோறா?”

நாச்சி உதிர்ந்த இறகுகளுக்கு நடுவே நிமிர்ந்து நின்றாள். அலகைக் கீற்றில் வைத்துக் காடே கேட்கக் கத்தினாள்.

“சடையா! எங்கம்மா காலத்துலயும் உங்க ஆளு ஒருத்தன் வந்து சுரண்டினான். நகம்தான் தேஞ்சுது! போடா!”

அப்போதுதான் அணிலிடம் கொடுத்த நகல் நினைவுக்கு வர, குரலைத் தாழ்த்தினாள். “செவலி… அந்த நகல் இருக்காடி?”

“ஆறாவது கூட்டுல பத்திரமா இருக்கு, அக்கா!”

செவலி நகலை நீட்டினாள். நாச்சி உடனே வாங்கவில்லை. முதலில் சடையனின் பென் டிரைவைப் பிடுங்கி வெளியே எறிந்தாள். கணினியை அடியோடு துடைத்து, மென்பொருளை எல்லாம் புதிதாக ஏற்றினாள். வைரஸ் தடுப்பைப் புதுப்பித்தாள். இந்த முறை ‘பிறகு’ என்று அழுத்தவில்லை.

“இப்போ குடு. தப்பா நினைக்காதே, உன்னோடதையும் சோதிச்சுட்டுத்தான் திறப்பேன்.”

“அப்படிச் சொல்லுங்க! இது பேச்சு!” என்று செவலி வாலைத் தூக்கி ஆட்டினாள்.

பதிவு திறந்தது. நகல் எடுத்த பிறகு எழுதிய கடைசி ஆறேழு வாரம் மட்டும் போனது போனதுதான். நாச்சி ஒரு வரியை உரக்கப் படித்தாள். “ஆனைப்பாறை ஓடை, கீழ்க்கரை அத்தி, இந்த வாரம்!”

பொன்னலகன் பறந்தான். தொண்டை புடைக்கப் பழத்தோடு வந்தான். நாச்சி முதன்முறையாக ஒவ்வொரு பழத்தையும் திருப்பிப் பார்த்து வாங்கினாள்.

“என்ன, என் மேல நம்பிக்கை இல்லையா?”

“உங்க மேல இருக்கு. உங்க கிட்ட குடுத்து விடுறவன் மேலதான் இல்ல!”

சடையன் மூன்று நாள் மரத்தடியில் கிடந்தான். பிறகு ஆற்றைக் கடந்து போய்விட்டான். கோடை முடியுமுன் நாச்சிக்குப் புது இறகு முளைத்தது. தாயும் மகளும் தாங்களே சுவரைக் கொத்தித் திறந்து வெளியே வந்தார்கள். இரண்டு ஜோடிச் சிறகின் இரைச்சலில் காடு நிமிர்ந்து பார்த்தது.

வாசலை எவ்வளவு உறுதியாக அடைத்தாலும், அன்பானவர் கையால் வருவதையும் சோதித்தே உள்ளே விட வேண்டும்.

நாச்சி வயது முதிர்ந்து, போன மழைக்காலத்தில் இறந்துபோனாள். பழப்பதிவை இப்போது அவள் மகள் மின்னி எழுதுகிறாள், வாரம் ஒரு நகல் செவலியின் ஆறாவது கூட்டுக்குப் போகிறது.