துண்டுக்குள் ஒரு விலை

“நீதான்டா என்னைக் கெடுத்தே. ஆறு வருஷமா என் சோத்தைத் தின்னுட்டு என்னையே கடிக்கறே.”

மலையடிவாரத்துக் குடிசை வாசலில் நின்று நாச்சிமுத்து திட்டிக்கொண்டிருந்தார். எதிரே ஆள் யாரும் இல்லை.

டாக்டர்கள் கைவிட்ட வலிக்காரர்கள் கடைசியாக வந்து சேரும் வாசல் அது. உள்ளேயிருந்து வைத்தியக்காரி வஞ்சியாத்தாள் வந்தார். நாச்சிமுத்துவைவிடப் பத்து வயது இளையவர்.

“யாரைத் திட்டறீங்கண்ணா?”

“இந்தக் கையைத்தான் அம்மணி.”

வலது கை. மோதிர விரல் இருந்த இடத்தில் வெறும் தழும்பு.

“மாட்டுத் தரகனுங்க நான். ஆறு வருஷம் முன்னாடி ஒரு காளை மிரண்டு ஓடுச்சு. கயித்துல மாட்டி விரல் நசுங்கிருச்சு.”

“காயம் எப்ப ஆறுச்சு?”

“ரெண்டே மாசத்துல.”

“வலி?”

“அதுதான் ஆறலையே. படம் புடிச்சுப் பார்த்த டாக்டருக அத்தனை பேரும் ஒண்ணுமில்லைன்னாங்க. வெட்டி விடுங்கன்னேன். மாட்டேன்னாங்க. போன ஆடியில நானே வெட்டிட்டேன்.”

வஞ்சியாத்தாள் குனிந்து தழும்பைப் பார்த்தார்.

“இல்லாத விரல் இன்னும் வலிக்குது. இப்பக் கை பூரா ஏறிருச்சு. சட்டைத் துணி பட்டாலே உசுரு போகுது. நாளைக்கு மணிக்கட்டோட எடுக்கப் போறேன். ரத்தத்தைக் கட்ட ஒரு ஆள் வேணும். வர முடியுமா, முடியாதா?”

“வர்றேன்.”

இதை நாச்சிமுத்து எதிர்பார்க்கவில்லை.

“ஆனா அதுக்கு முன்னாடி என் பசுவை விலை பேசிட்டுப் போங்க. நாளைக்கப்புறம் உங்களால முடியாதில்ல.”

வேலியோரம் ஒரு செவலைப் பசு நின்றது.

வஞ்சியாத்தாள் துண்டை உதறினார். இருவர் கையையும் துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை சொல்வது மாட்டுச் சந்தை வழக்கம். சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது.

“இடது கையில பேசறேன்.”

“இடது கையில பேரம் பேசுன தரகனை எங்கயாவது பார்த்திருக்கீங்களா?”

பார்த்ததில்லை. வலது கையை நீட்டினார். துண்டு பட்டதும் பல்லைக் கடித்தார். கண்ணில் நீர் முட்டியது.

“தலையீத்துப் பசு, ஒரு கன்னுதான் போட்டிருக்கு,” என்றார் வஞ்சியாத்தாள்.

நாச்சிமுத்து வேலிப்பக்கம் திரும்பினார்.

“யார்கிட்ட? நாலு ஈத்து கண்ட மாடு. ஈத்துக்கு ஒண்ணா கொம்புல விழற வளையத்தை எண்ணத் தெரியாதவனுக்குச் சொல்லுங்க.”

“உங்களுக்குக் கண்ணு மங்கிருச்சு.”

“எனக்கா?”

துண்டுக்குள் வஞ்சியாத்தாள் ஒரு விலை சொன்னார்.

“இந்த விலைக்கு உங்க மலையையும் சேர்த்துத் தருவீங்களா?”

“அப்ப நீங்க சொல்லுங்க.”

சொன்னார்.

வஞ்சியாத்தாள் சிரித்தார். “சந்தையில உங்களை ஏன் மறந்துட்டாங்கன்னு இப்பத்தான் புரியுது.”

நாச்சிமுத்துவின் முகம் கறுத்தது. மறுபடி சொன்னார். மூன்றாம் தடவை அழுத்திச் சொன்னார். நாலாம் தடவை மாட்டின் மடியைப் பழித்துக்கொண்டே சொன்னார்.

வஞ்சியாத்தாள் துண்டை உருவினார்.

அவருடைய விரல்கள் நாச்சிமுத்துவின் பிடியில் ரத்தம் செத்து வெளுத்திருந்தன. நாச்சிமுத்துவின் தழும்பு அந்த விரல் எலும்புகள்மேல் அழுந்திக் கிடந்தது.

நாச்சிமுத்து அதைப் பார்த்தார்.

பார்த்த பிறகுதான் வலி வந்தது. கையை உதறி மார்போடு அணைத்துக்கொண்டு மண்ணில் உட்கார்ந்துவிட்டார்.

“கை இவ்வளவு நேரமும் என்கிட்டத்தான் இருந்துச்சுங்கண்ணா,” என்றார் வஞ்சியாத்தாள். “அழுத்துனப்ப வலிக்கலை. நீங்க பார்த்தப்புறம் லேட்டா வந்தது யாரு?”



நாச்சிமுத்து மறுபடி வாயைத் திறந்தார். இம்முறை கையைப் பார்க்கவில்லை. கண்களை மூடிக்கொண்டு வலியிடமே பேசினார்.

“விரல் போச்சு. அதை உன்னால திருப்பித் தர முடியாது. காயம் ஆறுனதை உனக்கு எவனும் சொல்லலையா? நான் சொல்றேன், ஆறிருச்சு. கையையாவது விடு. பேரமெல்லாம் கிடையாது. இன்னைக்கே விடு.”