நாலாவது மீன்

மணியக்காரர் துரைச்சிங்கம் தெருவில் திரும்பும் முன்னே அவர் மீசை திரும்பிவிடும். அவரிடம்தான், புருசனை இழந்த சீனியம்மா கண்மாயில் வலை வீச உரிமை கேட்டு நின்றாள்.

"பொம்பளைக்கு மீனைப் பத்தி என்ன தெரியும்? கண்ணைக் கட்டிக்க. இந்தப் பானையில நாலு மீன் கிடக்கு. தடவியே பேரைச் சொல்லு. ஒண்ணு தப்பினாலும் கண்மாய்ப் பக்கமே வரக்கூடாது!"

ஊரே கூடிவிட்டது. சீனியம்மா கண்ணைக் கட்டிக்கொண்டு பானைக்குள் கையை விட்டாள்.

"உடம்பெல்லாம் அகலச் செதிலு, இது கெண்டை. பாம்புத் தலை, அப்ப விரால். முதுகு நெடுக முள்ளு, ஆரலேதான்."

மூன்றும் சரி. நாலாவது மீனை மணியக்காரர் பானையில் போடவே இல்லை.

"நாலாவது எங்க? நல்லாத் தடவு புள்ள!" என்று குனிந்து கெக்கலித்தார்.

குரல் வந்த பக்கம் கையை நீட்டினாள். கை நிறைய மீசை சிக்கியது.

"கிடைச்சிருச்சு ஐயா. மீசை இருக்கு, கெளுத்தி!"

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. அவள் பிடியை விடவில்லை.

"விடு புள்ள! போய் வலையை வீசிக்க!" என்று அலறினார் மணியக்காரர்.

சீனியம்மா கண்கட்டை அவிழ்த்துவிட்டு ஊரைப் பார்த்தாள்.

"மீசை மட்டுந்தான். நெசக் கெளுத்தி மாதிரி குத்துற முள்ளு இல்லை. பயப்படாமப் பிடிக்கலாம்."