முழத்தில் விட்டுப்போன இடம்

என் மூத்தவளுக்கு வளைகாப்பு நடந்த அன்று, பந்தி முடிந்து பாத்திரம் ஒதுக்கும்போது, செண்பகவல்லி மதினி இதை எனக்குச் சொன்னாள். இருபது வருஷம் இருக்கும்.

மலையடிவாரத்து மடத்துக்கு உலகம்மாள் என்று ஒருத்தி வந்தாளாம்.

"சாமியம்மா, தலைக்குள்ள ஒரே பேச்சு ஓடிக்கிட்டே இருக்கு. அதை நிறுத்தித் தா. இல்லன்னா நான் செத்துப்போறேன்."

மடத்தை நடத்திய அந்தச் சாமியம்மாவுக்குச் சின்ன வயசு. உலகம்மாளுக்கு மகள் வயசு என்று சொல்லலாம்.

"என்ன பேச்சும்மா?"

"காய்ச்சலடிக்குன்னு சொன்னான் எம்மகன். ஒண்ணுமில்ல, பரீட்சைக்குப் போ, போலேன்னு நாந்தான் அனுப்பினேன். மூணாம் நாள் பொணமாத் தூக்கிட்டு வந்தாக."

அதற்கு மேல் அவளிடம் கதை கிடையாது. நாலு வருஷமாக இதுதான். உலையில் அரிசி போடும்போதும் இதுதான், சாமி முன்னால் கை கூப்பும்போதும் இதுதான்.

"யார்கிட்டயும் போய்ப் பார்த்தீங்களா?"

"ஒரு சாமியார் மனசுவிட்டுப் பேசச் சொன்னார். பேசப் பேசப் புண்ணு பெரிசாச்சு. இன்னொருத்தர் நூத்தியெட்டு எண்ணச் சொன்னார். விரல் பாட்டுக்கு எண்ணுச்சு. மனசு பாட்டுக்கு போலே, போலேன்னுச்சு."

சாமியம்மா, மடத்து அம்மனுக்கு வந்திருந்த ஒரு கூடைப் பிச்சிப்பூவை அவள் பக்கம் தள்ளினாள். வாழைநாரையும் கொடுத்தாள்.

"நாலு பிச்சிக்கு ஒரு மருக்கொழுந்து. எண்ணிக் கட்டுங்க. கட்டிக்கிட்டே அதையும் சொல்லுங்க."

"எண்ணாம இருக்கணும்னுதானே தாயே உங்கிட்ட வந்தேன்!"

"நான் பூவை எண்ணச் சொன்னேன்."

உலகம்மாள் கட்டினாள். சொன்னாள்.

'போலே' வரும்போதெல்லாம் கை தடுமாறியது. மருக்கொழுந்து விட்டுப்போனது. சில இடத்தில் பூவே இல்லாமல் நார் மட்டும் ஓடியது.

"அம்மனுக்கு இதைப் போட்டா பொக்கை வாய் மாதிரில்லா இருக்கும்!" என்றாள் மடைப்பள்ளிக்காரி.

சாமியம்மா சிரிக்கவில்லை. திட்டவுமில்லை. விட்டுப்போன இடத்தில் விரலை வைத்து, "இங்க என்ன வந்தது?" என்று மட்டும் கேட்பாள்.

"போலே வந்தது."

"சரி. அடுத்த பூவை எடுங்க."

இப்படியே ஆடி போனது, ஆவணி போனது. ஒன்றும் மாறவில்லை. வாசல்வரை போய், வீட்டுக்கே திரும்பிவிடலாம் என்று நின்ற நாளும் உண்டு. வீட்டிலும் அதே பேச்சுத்தான் என்று திரும்பி வந்து உட்காருவாள்.

ஒருநாள் சாமியம்மா கேட்டாள்.

"அன்னைக்கு அவன் நெத்தியைத் தொட்டுப் பார்த்தீங்களா?"

நாலு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. உலகம்மாளின் கை நின்றது.

"பார்த்தேன். சுடவே இல்ல."

உலகம்மாள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"அடுப்புல கிடந்து வெந்த கை, தாயே. அதுக்கு எது சுடும்?"

சாமியம்மா அந்தக் கையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அன்று பூக் கட்டவில்லை.

புரட்டாசியில் ஒரு காலை. உலகம்மாள் தான் கட்டிய சரத்தைத் தூக்கிப் பார்த்தாள். முன்பாதியெல்லாம் ஓட்டை. கடைசி ஒரு முழத்தில் மட்டும் பிழையே இல்லை. நாலுக்கு ஒன்று, நாலுக்கு ஒன்று.

சரத்தை வீசிவிட்டுத் தரையில் விழுந்து அழுதாள்.

"ஒரு முழம் முழுக்க அவன் எனக்கு வரல. பெத்த பிள்ளைய மறந்துட்டேனே, பாவி!"

சாமியம்மா சரத்தை எடுத்தாள். நல்ல முழத்தைத் தனியே அறுத்தாள். ஓட்டை விழுந்ததை அம்மன் கழுத்தில் போட்டாள்.

பிள்ளை போன நாளிலிருந்து பூவே வைக்காத தலை உலகம்மாளுடையது. நல்ல முழத்தை அதில் சூட்டினாள்.

"தாயே, சாமிக்கு விட்டுப்போனதையா போடுவ?"

"அதை அவ வச்சுக்கிடட்டும்."

மறுநாள் கூடையில் கைவைத்ததுமே 'போலே' வந்துவிட்டதாம். மதினி அதை என்னிடம் ஒளிக்கவில்லை.

நீங்கள் வாங்கும் முழத்தில் நடுவே கொஞ்சம் இடம் விட்டிருந்தால், பூக்காரியிடம் சண்டை போடாமல் வாங்கிக்கொள்ளுங்கள், தாயி.