தலைக்கடியில் ஒரு வழக்கு

முன்னொரு காலத்தில், மேகங்கள் சற்றுத் தாழ்வாகவே போகும் ஒரு நாட்டில், விழித்திருக்கும்போது தீர்ப்பே சொல்லாத அரசர் ஒருவர் இருந்தார். கண் திறந்திருந்தால் வழக்காடுகிறவர் முகம் தெரிகிறது, முகம் தெரிந்தால் நியாயம் தடுமாறுகிறது என்பது அவர் கட்சி. ஆகவே வழக்கு ஓலையைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு மதியச் சாப்பாடு ஆனதும் படுப்பார். வருகிற கனவுதான் தீர்ப்பு.

ஒரு தெருவில் எத்தனை மாடிகளோ அத்தனை மூட்டை நெல் அந்தத் தெருப் பள்ளிக்கு என்பது அந்நாட்டுச் சட்டம். மந்திரி வல்லபரின் தெருவில் மாடிக்கு மேல் மாடி. அங்கே ஒரு பிள்ளைக்கு இரண்டு வாத்தியார். ஒருவர் சொல்லிக்கொடுக்க, ஒருவர் விசிற. உப்பளத் தெருவில் எல்லாம் குடிசை. நெல்லும் இல்லை, பள்ளிக்குக் கூரையும் பாதிதான். இது அநியாயம் என்று உப்பு வாரும் செங்கமலம் அரசர்மீதே வழக்குப் போட்டாள்.

இரண்டு முறை போட்டாள். இரண்டு முறையும் வல்லபர் இலவம்பஞ்சுத் தலையணையில் மல்லிகை தூவி, கால்மாட்டில் வீணை வாசிக்க ஆளை வைத்தார். பிள்ளைகள் அன்னப்பறவைமேல் உட்கார்ந்து பாடம் படிப்பதாக அரசர் கனவு கண்டார். "சுகமாகத்தானே இருக்கிறார்கள். வழக்குத் தள்ளுபடி."

மூன்றாம் முறையும் தோற்றால் பள்ளியை மூடி உப்புக் கிடங்காக்கிவிடலாம் என்பது வல்லபர் கணக்கு.

அரண்மனை விகடன் மாசிலானைச் செங்கமலம் வழியில் மறித்தாள். "ஏஞ்சாமி, ராசாவைச் சிரிக்க வைக்க மட்டுந்தான் தெரியுமா? எம்பொண்ணு பொன்னரி பாதி எழுத்துதான் படிச்சிருக்கா. மீதியை உப்புக் கிடங்குலயா படிப்பா?"

மாசிலான் நேரே சபைக்குப் போனான்.

"அரசே, தங்கள் தீர்ப்பில் மல்லிகை வாசம் அடிப்பதாக ஊரில் பேச்சு. இம்முறை தலைக்கடியில் வழக்கு மட்டும் இருக்கட்டும்."

"இருக்கட்டுமே," என்றார் வல்லபர். "ஏற்பாட்டை விகடரே செய்யட்டும். தோற்றால் பள்ளியோடு அவருக்கும் பூட்டு. நாட்டைவிட்டே போகட்டும்."

"அப்படியே ஆகட்டும். வழக்கைத் தவிர என் தலைக்கடியில் வேறொன்றும் கூடாது," என்று அரசர் ஆணையிட்டார்.

மறுநாள் மதியம் அரசர் உண்டுவிட்டு வல்லபரோடு வந்தபோது அறையில் மாசிலான் மட்டும் நின்றான்.

"கட்டில் எங்கே?"

"அதுவும் தலைக்கடியில்தானே வருகிறது, அரசே. எடுத்துவிட்டேன்."

"வழக்கு?"

"கொண்டுவரத்தான் பார்த்தேன். பாதிக் கூரை, நான்கு தூண், நாற்பது பிள்ளைகள். வாசலில் நுழையவில்லை. ஆகவே தலையைக் கொண்டுபோகலாமென்று பல்லக்கு வைத்திருக்கிறேன்."

"ஓலைதான் வழக்கு," என்று வல்லபர் சீறினார்.

"ஓலையில் இருப்பது வழக்கைப் பற்றிய பேச்சு, மந்திரியாரே. வழக்கு உப்பளத் தெருவில் இருக்கிறது."

அரசருக்கு ஏற்கனவே கொட்டாவி வந்துவிட்டது. ஏறிக்கொண்டார். வல்லபரும் பின்னாலேயே போனார்.

உப்பளத் தெருப் பள்ளியில், பிள்ளைகள் எழுதிப் பழகும் ஈரமணலில் கன்னம் வைத்துப் படுத்தார். வெளியே உப்புப் பாத்திகள், வானத்தைக் கழற்றி விரித்ததுபோல் வெள்ளையாகக் கிடந்தன. கனவில் அவர் சின்னப் பையன். கூரையில்லாத பக்கமாக மேகங்கள் இறங்கி வந்து வரிசையில் உட்கார்ந்தன. நாற்பது பேருக்கும் ஒரே சுவடி. அது கைமாறிக் கைமாறி வந்தது. பக்கத்துப் பையனிடம் வந்ததும் கொக்காக மாறிப் பறந்து, மறுபடி வரிசையின் முதலில் போய் உட்கார்ந்தது. எத்தனை முறை வந்தாலும் அப்படித்தான்.

"அடுத்தது நான்தான்," என்று சொல்லிக்கொண்டே அரசர் விழித்தார். கை தானாகக் கன்னத்து மணலைத் தட்டப் போனது.

"ராசா, தொடைக்காதீங்க," என்றாள் பொன்னரி. "எங்க பாடம் உங்க கன்னத்துல ஒட்டியிருக்கு. நான் இன்னும் படிச்சு முடிக்கல. திருப்பிப் போட்டாப்பல தெரியுது, கொஞ்சம் நேரமாகும்."

வல்லபர் வாயைத் திறந்தார். அரசர் முகத்தை அசைக்காமல் கையை மட்டும் உயர்த்தினார். தூணின் நிழல் அடுத்த தூணைத் தொடும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். அவள் கடைசி எழுத்தைச் சொன்னதும் சிரித்தார், மணல் உதிர்ந்தது.

"தீர்ப்பு. நாட்டுப் பள்ளிகளின் நெல்லெல்லாம் இனி ஒரே குவியல். மாடியை எண்ண வேண்டாம், பிள்ளைகளை எண்ணுங்கள். மாசிலா, உனக்கென்ன வேண்டும்?"

"அந்த இலவம்பஞ்சுத் தலையணை, அரசே. இரண்டு வழக்குகள் அதில் இன்னும் தூங்குகின்றன."

அரசர் மறுபடி சிரித்து, முத்துமாலையும் சேர்த்துக் கொடுத்தார்.

மறுநாள் மதியம் மாசிலான் அந்தத் தலையணையில் தலை வைத்துப் பார்த்தான். அன்னப்பறவைகள் வந்தன. முதுகில் ஒருவரும் இல்லை. பிள்ளைகளெல்லாம் பள்ளிக்குப் போயிருந்தார்கள்.